இலவச மருத்துவத்துக்கு ஏழைகள் கொடுக்கும் விலை: சென்னையின் நிலை

சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி என்று பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. மாநகராட்சியின் சுகாதார நிலையங்களும் பெரும்பாலான பகுதிகளுக்கு வந்துவிட்டன. அப்படியிருந்தும் வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ வாழ்பவர்கள் காய்ச்சல் வந்தால் தெருமுனை கிளினிக்குக்கும், பிரஷர் மாத்திரைக்கு மருந்துக்கடைக்கும் போவது ஏன், இதை மாற்றி அவர்களுக்குத் தரமான மருத்துவம் கிடைக்க என்னதான் செய்ய வேண்டும் என்பது கேட்கப்பட்டிருக்கும் கேள்வி. கேள்வியில் ஒரு குறை தொனிக்கிறது; மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நான் பார்த்தவரையில் அவர்கள் கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள், அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கட்டடமும் மருந்தும் ஓரளவு வந்து சேர்ந்த பிறகும் மூன்று விஷயங்கள் வந்து சேரவில்லை: உழைப்பவருக்கு ஏற்ற நேரம், ஒரே வருகையில் முடிகிற வேலை, இன்னின்ன குடும்பங்களுக்கு இன்னார் பொறுப்பு என்ற ஏற்பாடு. இந்த மூன்றையும் சுற்றியே என் பதில் அமையும்.

இருப்பதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். 1988-இல் உலக வங்கியின் கடனுதவியோடு சென்னையிலும் மும்பையிலும் ஐந்தாம் இந்திய மக்கள்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோதுதான், குடிசைப் பகுதிகளை ஒட்டிச் சிறு சுகாதார நிலையங்களை அமைக்கும் வழக்கம் இங்கே வலுப்பெற்றது. 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது; அதுவரை நகராட்சிகளாகவும் ஊராட்சிகளாகவும் இருந்த புறநகர்கள் ஒரே நாளில் மாநகரமாயின. 2013 மே மாதம் ஒன்றிய அமைச்சரவை தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அளவு அதில்தான் வந்தது. சென்னை இன்று ஏறத்தாழ அந்த அளவை எட்டியிருக்கிறது. 140 நிலையங்கள் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அதற்கும் கீழே, பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய சுகாதார மானியத்தைக் கொண்டு, மாநிலம் முழுவதற்கும் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அனுமதிக்கப்பட்டன. அவற்றில் 500 மையங்கள் 2023 ஜூன் 6 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் என்ற சிறு குழு ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஆகவே பக்கத்தில் ஆஸ்பத்திரியே இல்லை என்ற பழைய குறை சென்னையின் பெரும்பகுதிக்கு இன்று பொருந்தாது.

தி.நகரில் இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதோ என்ற சந்தேகம். காலையில் வெறும் வயிற்றோடு நிலையத்துக்கு வர வேண்டும். ஓ.பி. (புறநோயாளி) சீட்டுக்கு ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க இன்னொரு வரிசை. பிறகு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். முடிவு வருவதற்குள் மருத்துவர் கூட்டத்துக்கோ முகாமுக்கோ கிளம்பியிருந்தால் நாளை வரச் சொல்வார்கள். மறுநாள் முடிவைக் காட்டி, மாத்திரை எழுதி வாங்கி, மருந்து கொடுக்கும் சன்னலில் நிற்க வேண்டும். கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் இரண்டு காலை வேலைகள் போயின. மூன்று வீடுகளில் ஒரு வீட்டுக்காரராவது முகம் சுளித்திருப்பார். அவருடைய கணவர் பெயின்டர் என்றால் கணக்கு இன்னும் நேரடியானது: காலை எட்டு மணிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நிற்காவிட்டால் அன்றைய கூலியே இல்லை. தெருமுனை கிளினிக்கோ மாலை ஆறு மணிக்குத் திறக்கிறது. இருநூறு ரூபாய்க்குள் ஊசி, மாத்திரை எல்லாம் முடிந்து பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். ஒரு நாள் கூலியை இழப்பதைவிட இருநூறு ரூபாய் மலிவு. அந்த ஊசி தேவையா, எழுதிய நுண்ணுயிர்க்கொல்லி பொருத்தமா என்பது வேறு விஷயம். பல நேரங்களில் இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்பதுதான். இதைவிட மலிவான வழியும் ஒன்று உண்டு. மருந்துக்கடையில் போய் உடம்பு வலி, காய்ச்சல் என்று சொன்னால், பல அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து இரண்டு வேளைக்கு ஒரு ‘செட்டு’ கொடுத்துவிடுவார்கள். அந்தக் காகிதப் பொட்டலத்தில் மருந்தின் பெயர்கூட இருக்காது.

காலை நேரப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்த நிலையங்கள் தாய்சேய் நலத்துக்காகவும் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவும் பிறந்தவை; கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட வரும் குழந்தைகளும் காலையில் வருவது பொருத்தமாகவே இருந்தது. அந்த வேலையை அவை சிறப்பாகச் செய்தன. தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ நூறு விழுக்காட்டை எட்டியதில் நகர்ப்புற சுகாதார செவிலியர்களின் பங்கு பெரியது. ஆனால் இன்று அந்த வாசலுக்கு வர வேண்டியவர்கள் நாற்பது, ஐம்பது வயதுள்ள, வேலைக்குப் போகிற ஆண்களும் பெண்களும். நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் செயல்வரைவே நண்பகல் 12 மணி முதல் இரவு 8 மணிவரை புறநோயாளிப் பிரிவு இயங்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. நலவாழ்வு மையங்களுக்குக் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வகுத்தது இதை உணர்ந்துதான். இதை நான் மனமாரப் பாராட்டுவேன். குறை வேறிடத்தில் இருக்கிறது. மாலையில் மருத்துவர் இருப்பார். ஆனால் அந்தச் சிறு குழுவில் ஆய்வக நுட்பநரும் இல்லை, மருந்தாளுநரும் இல்லை. பரிசோதனை வேண்டுமென்றால் காலையில் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். மாலை ஓ.பி. என்பது பாதிச் சேவையாக நின்றுவிடுகிறது.

இதற்குத் தீர்வு ஒவ்வொரு மையத்திலும் ஓர் ஆய்வகம் கட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. ஐதராபாத்தில் பஸ்தி தவாகானா என்ற சிறு கிளினிக்குகளை 2018-இல் தொடங்கியபோது, நாராயணகுடாவில் ஒரு மைய ஆய்வகத்தையும் அதே ஆண்டில் அமைத்தார்கள். கிளினிக்கில் இரத்தம் எடுத்து, வண்டியில் மைய ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை நோயாளியின் கைப்பேசிக்கே அனுப்பும் ஏற்பாடு அது. சென்னையிலும் இது எளிதில் முடிகிற காரியம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதால், மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வருபவரிடமும் மாதிரி எடுக்கலாம். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு வெறும் வயிற்றுச் சோதனையைவிடக் கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதல் தொகையை அரசு ஏற்காதபோது, நோயாளி அதை அரை நாள் கூலியாகச் செலுத்துகிறார். எந்தத் தணிக்கை அறிக்கையிலும் அது பதிவாவதில்லை.

வீடு தேடிப் போவது பற்றிப் பேசும்போது, இதே சென்னையில் நடந்த ஓர் ஆய்வை நினைவூட்டாமல் இருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோய் என்றால் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்துக்கிடக்க வேண்டும், நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் இல்லாமல் குணமாகாது என்று உலகம் நம்பியிருந்த காலம். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறு பாதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான அறைகளில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், வேலைக்கும் போனார்கள். 1959-இல் வெளியான முடிவு, இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்று காட்டியது. வீட்டில் உடன் இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த ஆய்வைச் சொல்லிப் பெருமைப்படுபவர்கள் பலர். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைச் சொல்பவர்கள் குறைவு. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு யாரும் சும்மா இருக்கவில்லை. நோயாளிகள் குறித்த நாளில் மையத்துக்கு வந்தார்கள். வராதவரைத் தேடி ஆள் போனது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள்; மருந்து உட்கொண்டாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். பெயர், முகவரி, தவறிய நாள் எல்லாம் ஒரு பொறுப்பாளரின் பதிவேட்டில் இருந்தன. ஏழையின் வீட்டிலேயே நல்ல சிகிச்சை தர முடியும், ஆனால் அதற்கு ஒருவர் அந்த வீட்டைத் தன் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதே அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்த நகரம் கண்டுபிடித்துச் சொன்னது.

அந்தக் கண்டுபிடிப்பு இன்று எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு புள்ளிவிவரம் போதும். 2020-இல் தமிழ்நாடு முழுவதும் நடத்தப்பட்ட தொற்றா நோய் ஆய்வில், வயது வந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 விழுக்காடு. இது ஏழைகளுக்கு மட்டுமான எண்ணிக்கை இல்லை, மாநிலம் முழுவதற்குமானது. ஆனால் சுமை எங்கே அதிகம் விழும் என்பதை ஊகிக்க நிபுணர் தேவையில்லை. மாத்திரை விலை மிகக் குறைவு, கிடங்கிலும் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994-இல் உருவானதிலிருந்து மருந்து கொள்முதலில் இந்த மாநிலம் நாட்டுக்கே முன்னோடி. இருந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் கட்டுக்குள் இல்லை என்றால், ஓட்டை மருந்துக் கிடங்குக்கும் நோயாளியின் வாய்க்கும் இடைப்பட்ட தூரத்தில் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த ஓட்டையை அடைக்க வந்த திட்டம். அந்தந்தப் பகுதிப் பெண்களையே தன்னார்வலர்களாக எடுத்து, வீட்டுக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுப்பது அதன் வழிமுறை, 2024-இல் ஐ.நா. அமைப்புகளின் விருதும் கிடைத்தது. கிராமத்தில் இது நன்றாகவே பொருந்துகிறது. நகரத்தில் காலை பதினோரு மணிக்கு வரும் தன்னார்வலர் காண்பது பூட்டிய கதவுகளை. வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும்தான். நோய் தொடங்கும் வயதில் இருப்பவர்கள் வேலையில் இருக்கிறார்கள். எனவே பரிசோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏறும், ஆனால் அதில் ஒரே முதியவர் பலமுறை இடம்பெறக்கூடும். பணியிடத்துக்கே போகும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ பின்னர் வந்தது. பெரிய தொழிற்கூடங்களுக்கு அது போதும். வீட்டு வேலைக்காரர், தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கட்டட வேலையில் இருக்கும் பீகார், ஒடிசா இளைஞர் ஆகியோருக்குத் தொழிற்கூடம் என்று ஒன்றும் கிடையாது. தன்னார்வலரின் வேலை நேரத்தை மாலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மாற்றி, அதற்கு ஏற்ற ஊதியமும் பாதுகாப்பும் கொடுப்பதுதான் வழி. தன்னார்வலர் என்று பெயர் சூட்டி ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு எட்டு மாடிக் கட்டடத்தில் ஏறு என்று சொல்வது நியாயமாகாது.

எட்டு மாடி என்று சொன்னது பெரும்பாக்கத்தை மனத்தில் வைத்து. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் குடிசை மாற்று வாரியம் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றியது. 1970-இல் தொடங்கிய அந்த வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. மக்கள் இன்னும் ‘ஹவுசிங் போர்டு’ என்றுதான் சொல்கிறார்கள். இவற்றில் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் மாநகராட்சி எல்லைக்குள் வந்தன. பெரும்பாக்கமோ அடுக்குமாடிகள் எழுந்த பிறகும் நீண்ட காலம் புனித தோமையார் மலை ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியாகவே நீடித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட, நகர ஏழைகள் மட்டுமே வாழும் ஓர் இடம், காகிதத்தில் கிராமம். நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் பணம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கானது. கிராமத்துக்கான அளவுகோல்களோ வயல்வெளியில் சிதறிய ஊர்களுக்காக வகுக்கப்பட்டவை. இரண்டுக்கும் நடுவில் விழுந்த மக்களுக்குச் சுகாதார வசதிகள், குடியேற்றம் நடந்து முடிந்த பின்னரே ஒவ்வொன்றாக வந்தன.

இடம்பெயர்ப்பு இன்னொரு வகையிலும் சிகிச்சையை அறுக்கிறது. நகரின் நடுவில் வாழ்ந்த குடும்பத்துக்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையோ ராயப்பேட்டையோ நடந்து போகிற தூரம். பிரசவத்துக்குப் போன இடம், தெரிந்த நர்சம்மா, பழைய சீட்டு எல்லாம் அங்கே. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேறிய பிறகு அந்தத் தொடர்பு ஒரே வாரத்தில் அறுகிறது. கர்ப்பிணிக்காவது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் பிக்மி எண் இருக்கிறது. எந்த நிலையத்துக்குப் போனாலும் அந்த எண்ணைத் தட்டினால் விவரம் வரும். காசநோய்க்கும் அதுபோன்ற பதிவு உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர் பழைய நிலையத்தின் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று நிற்பார். புதிய இடத்தில் அவர் பெயரே இருக்காது. ஒரு குடியிருப்பை அகற்ற ஆணை வெளியாகும்போதே, அங்கு நீடித்த மருந்து எடுப்பவர்களின் பட்டியலைப் புதிய பகுதியின் மருத்துவ அலுவலருக்கு மாற்றுவதும், இரண்டு மாத மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புவதும், முதல் லாரி வந்து நிற்கும் நாளில் அங்கே சுகாதார நிலையம் திறந்திருப்பதும் கட்டாயமாக வேண்டும். வீட்டு ஒதுக்கீட்டு ஆணைக்கும் மின் இணைப்புக்கும் பட்டியல் தயாரிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

மேல் மருத்துவமனைகளோடு உள்ள உறவுதான் அடுத்த சிக்கல். ஆரம்ப சுகாதார நிலையம் மாநகராட்சியுடையது. புறநகர் மருத்துவமனை இன்னோர் இயக்ககத்துடையது. ஸ்டான்லி மருத்துவக் கல்வி இயக்ககத்துடையது. கீழிருந்து மேலே அனுப்பும் சீட்டு போகிறது. மேலிருந்து கீழே எதுவும் வருவதில்லை. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் பெரியாஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரைகளோடு பக்கத்து நிலையத்துக்குப் போனால், ஆறில் இரண்டு இங்கே இல்லை என்பார்கள். மருந்து ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கும். உடனே அவர் மாதந்தோறும் பேருந்து ஏறிப் பழைய சிறப்புப் பிரிவுக்கே போகிறார்; அங்கே அவரைப் போன்ற ஆயிரம் பேர். சிறப்பு மருத்துவர் ஒருவர் தம் காலையின் பெரும்பகுதியை, மாறுதல் எதுவும் தேவையில்லாத மாத்திரைச் சீட்டுகளைத் திருப்பி எழுதுவதில் செலவிடுவது இதனால்தான். மூன்று நிர்வாகங்களுக்கும் பொதுவாக நாள்பட்ட நோய்களுக்கான ஒரே மருந்துப் பட்டியல், அதே அளவுகளில் எல்லா நிலையங்களிலும் இருப்பு, நிலைமை சீராக உள்ளவருக்கு இரண்டு மாத மருந்து, மேலிருந்து கீழே ஒரு திருப்பல் சீட்டு: இவ்வளவு நடந்தாலே ஸ்டான்லியின் காலை வரிசை கணிசமாகக் குறையும் என்பது என் மதிப்பீடு.

காப்பீடு இதற்கெல்லாம் விடையாகாதா என்று கேட்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை அளிக்கிறது, பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தவருக்கானது. தினசரி பிரஷர் மாத்திரை அதில் வராது. அந்த மாத்திரையைப் பத்தாண்டுகள் விட்டதால் சிறுநீரகம் கெட்டுப்போனால், டயாலிசிஸ் அதில் வரும். உயர்சிறப்பு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டு விழா நடத்தலாம். ஒரு லட்சம் பேருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதற்கு என்ன விழா நடத்துவது? இரண்டும் தேவை என்பதை மறுக்கவில்லை. கிண்டியில் 2023-இல் வந்த ஆயிரம் படுக்கை மருத்துவமனைக்கும் அவசியம் இருந்தது. எதன் குறைபாட்டால் எது நிரம்புகிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஆட்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகர்ப்புற இயக்கத்தின் கீழ் வரும் மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பநர் ஆகியோரில் பலர் ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தாலோ நிரந்தரப் பணிக்கான ஆணை வந்தாலோ இளம் மருத்துவர் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நோயாளிக்கோ ஆறு மாதத்துக்கு ஒரு முகம். தன் குடிப்பழக்கத்தையோ வெள்ளைப்படுதலையோ வீட்டில் விழும் அடியையோ புதுமுகத்திடம் யாரும் முதல்நாளில் சொல்வதில்லை. ஆகவே தொடர்ச்சியை மருத்துவரிடம் எதிர்பார்ப்பதைவிட, நீண்டகாலம் ஒரே பகுதியில் இருக்கும் சுகாதார செவிலியரிடம் எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் தேசிய அளவுகோல் பத்தாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்கிறது; தமிழ்நாட்டு நகரங்களில் ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் அமைப்பும் பெரிதாக வேரூன்றவில்லை. பிரேசில் 1994 முதல் வளர்த்தெடுத்த குடும்ப நலக் குழுக்களில் ஒரு சமூக சுகாதாரப் பணியாளருக்கு அதிகபட்சம் 750 பேர். அந்த எண்ணுக்கு நாம் நாளையே போக முடியாது. மீள்குடியேற்றப் பகுதிகளுக்கும் வட சென்னையின் நெரிசலான வட்டங்களுக்கும் மட்டுமாவது ஒரு செவிலியருக்கு மூவாயிரம் பேர் என்று குறைப்பது நிதிக்கு எட்டாத காரியம் இல்லை.

குடிநீரையும் கழிவுநீரையும் தொடாமல் இந்தப் பதிலை முடித்தால் அது பாதிப் பதில். 1939-ஆம் ஆண்டின் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குடிநீர், வடிகால், உணவு, தொற்று எல்லாம் சுகாதார அலுவலரின் பார்வைக்குள் அதில் வந்தன. இன்று சென்னையில் குழாயும் சாக்கடையும் 1978 முதல் தனி வாரியத்திடம் இருக்கின்றன. ஒரு தெருவில் நான்கு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று நிலையத்தில் பதிவாகும். குழாயில் சாக்கடை கலக்கிறது என்ற புகார் குடிநீர் வாரியத்தின் பணிமனையில் பதிவாகும். இரண்டு பதிவேடுகளும் ஒரே மேசைக்கு வருவதற்குள் நோய் அடுத்த தெருவுக்குப் போய்விடும். குளோரின் அளவு பார்த்த விவரமும் வயிற்றுப்போக்கு எண்ணிக்கையும் வாரந்தோறும் ஒரே தாளில், தெரு வாரியாக வார்டு பொறியாளருக்கும் மருத்துவ அலுவலருக்கும் போக வேண்டும். குழாயைச் சரிசெய்யும் வரை ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் கொடுத்துக்கொண்டிருப்பது சிகிச்சையாகாது.

தரம் என்ற சொல் கேள்வியில் இருக்கிறது. தேசியத் தர உறுதிச் சான்றிதழ், காயகல்ப விருது ஆகியவை நிலையத்தின் தூய்மையையும் பதிவேடுகளையும் உபகரணங்களையும் பார்க்கின்றன. அவற்றால் பல கட்டடங்கள் மேம்பட்டதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் அவை உள்ளே வந்தவரைப் பற்றியவை. வராதவரை எந்தத் தணிக்கையாளரும் எண்ணுவதில்லை. மாத அறிக்கையில் ‘புறநோயாளிகள் இத்தனை பேர், மாத்திரை பெற்றவர்கள் இத்தனை பேர்’ என்று வரும். அந்தப் பகுதியில் வாழும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற எண் அதன் பக்கத்தில் இருப்பதில்லை. வகுக்கும் எண் இல்லாத விழுக்காட்டால் யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

இதைக் கேட்க மக்களுக்கு இன்று ஓர் இடம் இருக்கிறது. 2022-இல் வந்த விதிகளின்படி நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அவற்றில் பெரும்பாலும் தெருவிளக்கும் குப்பையும்தான் பேசப்படுகின்றன, அவையும் வேண்டியவையே. அவற்றோடு சுகாதார நிலையத்தைப் பற்றிச் சில கேள்விகளைச் சேர்க்கலாம். எங்கள் தெருவுக்குப் பொறுப்பான செவிலியர் யார், அவர் கணக்கில் எத்தனை குடும்பங்கள்? சர்க்கரையோ பிரஷரோ இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேர் கடந்த மாதம் மாத்திரை வாங்கினார்கள், எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது? மாலை ஓ.பி.யில் இரத்தப் பரிசோதனை எத்தனை நாள் நடந்தது? எந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை? விடைகளை மாதம் ஒருமுறை நிலையத்தின் வாசலில் ஒரு பலகையில் எழுதிவைக்கப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. கடைசி இரண்டு கேள்விகளுக்கான விடை மருத்துவ அலுவலரிடம் இப்போதே இருக்கிறது. முதல் இரண்டுக்கு விடை சொல்ல, செவிலியர் ஒருமுறை மாலை வேளைகளில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தாக வேண்டும்.